வேலை இடத்தில் 14 பேர் சேர்ந்து லாட்டரி வாங்குகிறோம், பொறுப்பு இனி என்னுடையது. என்னென்ன பேசி வைக்க வேண்டும்?

கேட்டவர் இங்கிலாந்தில் ஒரு கிடங்கில் வேலை செய்கிறார். அவருடைய ஷிஃப்ட்டில் 14 பேர் ஆளுக்கு வாரம் 2 பவுண்டு போட்டு நேஷனல் லாட்டரியில் லோட்டோ டிக்கெட் வாங்குகிறார்கள். இத்தனை நாள் அதைப் பார்த்துக்கொண்டவர் ஓய்வு பெறுவதால், பொறுப்பு இவரிடம் வருகிறது. எழுத்தில் ஏதாவது வேண்டுமா, வாட்ஸாப் குழுவே போதாதா என்று கேட்கிறார்.

எழுதி வையுங்கள். ஒரு பக்கம் போதும், வக்கீல் தேவையில்லை. ஆனால் 14 பேரும் கையெழுத்துப் போட வேண்டும். நீங்கள் முதல் பணத்தைக் கையில் வாங்குவதற்கு முன்பே போட வேண்டும்.

இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. 2012 முதல் 2021 வரை ஒரு மருத்துவமனையின் கணக்குப் பிரிவில் இதே போன்ற குழுவை நான் நடத்தினேன். நாங்கள் 11 பேர். பெரிய தொகை விழுந்தால் என்ன ஆகுமோ என்றுதான் ஆரம்பத்தில் எனக்குப் பயம். பெரிய தொகை விழவே இல்லை. 2019இல் ஆறு எண்களில் நான்கு பொருந்தி 140 பவுண்டு விழுந்தது. அப்போது எங்களில் ஒருவர் இரண்டு வார விடுப்பில் இருந்தார். அவர் பணம் தரவில்லை, நானே என் கையிலிருந்து போட்டிருந்தேன். "பணம் கட்டாதவருக்குப் பங்கு எப்படி?" என்று ஒருவர் கேட்டார். பத்துப் பேருக்குப் பிரித்தால் ஆளுக்கு 14 பவுண்டு. பதினோரு பேருக்குப் பிரித்தால் 12 பவுண்டு 73 பென்ஸ். ஆக, 1 பவுண்டு 27 பென்ஸ் வித்தியாசம். அதற்காக இரண்டு பேர் ஒரு மாதம் முகம் கொடுத்துப் பேசவில்லை. விடுப்பிலிருந்து வந்தவர் விஷயத்தைக் கேள்விப்பட்டு, எனக்குப் பங்கே வேண்டாம் என்று சொல்லிவிட்டுக் குழுவை விட்டே போய்விட்டார். அவர் மனம் நொந்ததுதான் எனக்கு இன்றும் உறுத்துகிறது. பணம் வராத வாரத்துக்கு என்ன விதி என்று நான் முதலிலேயே கேட்டு எழுதியிருந்தால், அந்தப் பேச்சே எழுந்திருக்காது.

ஏலச்சீட்டு நடக்கிற வீட்டில் வளர்ந்தவர்களுக்கு இது நன்றாகப் புரியும். சீட்டுப் பிடிக்கிறவர் நோட்டில் தவணையை எழுதாத நாளில்தான் சண்டைக்கு விதை விழும். இங்கேயும் அப்படித்தான். எனவே நீங்கள் எழுதப்போகும் அந்த ஒரு பக்கத்தில் மற்ற எல்லாவற்றையும்விடத் தெளிவாக இருக்க வேண்டியது, ஒருவர் பணம் தராத வாரத்தில் அவருக்குப் பங்கு உண்டா இல்லையா என்பதுதான்.

வராதவருக்காக நாமே போட்டுவிடலாம், நல்ல மனதோடுதானே செய்கிறோம் என்று தோன்றும். சட்டம் அதை எப்படிப் பார்க்கும் என்பதற்கு 1999இல் வந்த ஒரு தீர்ப்பு இருக்கிறது. 15 பங்குகள் கொண்ட ஒரு குழுவில் கணவன், மனைவி இருவரும் இருந்தார்கள். அவர்கள் பிரிந்த பிறகும் மனைவி தன் பங்குக்கு ஒரு பவுண்டும், கணவன் பெயரில் ஒரு பவுண்டுமாக வாரந்தோறும் கட்டிவந்தார். குழுவுக்கு 36 லட்சம் பவுண்டுக்கு மேல் விழுந்தது. ஒரு பங்கு ஏறக்குறைய 2,42,000 பவுண்டு. கணவன் அதற்குள் திவாலாகியிருந்ததால், அவர் பெயரிலிருந்த பங்கு கடன்காரர்களுக்குப் போக வேண்டும் என்று திவால் நிர்வாகி கேட்டார். நீதிமன்றம் அந்தப் பங்கை மனைவிக்குக் கொடுத்தது. பணம் அவருடையது, அதைக் கணவனுக்குப் பரிசாகக் கொடுக்கும் எண்ணம் அவருக்கு இருந்ததாகக் காட்டப்படவில்லை என்பதுதான் காரணம். அதாவது பட்டியலில் யார் பெயர் இருக்கிறது என்பதோடு, யார் பணம் போனது, எந்த எண்ணத்தில் போனது என்பதும் பார்க்கப்படும். நீங்கள் ஒருவருக்காக 2 பவுண்டு போட்டால் அது கடனா, அந்த வாரம் அவருடைய பங்கை நீங்கள் எடுத்துக்கொள்கிறீர்களா என்பதை எழுதாமல் விட்டால், நாளைக்கு அதை ஒரு நீதிபதி ஊகிக்க வேண்டியிருக்கும்.

2019க்குப் பிறகு நாங்கள் வைத்துக்கொண்ட விதி இது: நான்கு வாரப் பணம் முன்கூட்டியே. நான்காவது வார வெள்ளிக்கிழமைக்குள் 8 பவுண்டு வந்துவிட வேண்டும். வராவிட்டால் அடுத்த நான்கு வாரத்துக்கு அவர் குழுவில் இல்லை. யாரும் யாருக்காகவும் போடக்கூடாது, பொறுப்பாளர் உட்பட. கேட்பதற்குக் கடுமையாக இருக்கும். ஆனால் நடைமுறையில் வாராவாரம் 2 பவுண்டுக்காக ஒருவர் மேசைக்கு ஒருவர் போய் நிற்பதைவிட இது எல்லாருக்கும் மரியாதையாக இருந்தது. பிள்ளைப்பேறு விடுப்பு, நீண்ட நோய் என்றால் அவரே சொல்லட்டும்: வங்கி வழியாகத் தொடர்கிறேன், அல்லது திரும்பி வரும் வரை வேண்டாம். எதுவானாலும் ஒரு வரிச் செய்தி உங்களுக்கு வந்திருக்க வேண்டும்.

இனி, எழுத்து ஏன் வேண்டும், பேச்சு போதாதா என்ற கேள்வி. இங்கிலாந்தில் வாய்ப்பேச்சும் ஒப்பந்தமாகலாம். 1955இல் ஒரு வழக்கு. ஒரு பாட்டி, அவருடைய பேத்தி, வீட்டில் குடியிருந்த ஒருவர் என மூவரும் சேர்ந்து வாராவாரம் செய்தித்தாள் போட்டிக்குப் பாட்டியின் பெயரில் அனுப்பிவந்தார்கள். 750 பவுண்டு விழுந்ததும் பாட்டி பங்கு தர மறுத்தார். குடியிருந்தவர் வழக்குப் போட்டு மூன்றில் ஒரு பங்கை வாங்கினார். அதைக் கேட்டுவிட்டு ஆறுதலடைய வேண்டாம். 2007இல் மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்கு வந்த இன்னொரு வழக்கில், பிங்கோ விளையாடப் போன மூன்று பெண்களில் ஒருவருக்கு ஒரு லட்சம் பவுண்டுக்குச் சற்று மேல் விழுந்தது. எது விழுந்தாலும் பகிர்வதாகப் பேசியிருந்தோம் என்று மற்ற இருவரும் சொன்னார்கள். அது நண்பர்களுக்குள் சும்மா பேசிய பேச்சு, ஒப்பந்தமாகாது என்று முடிந்துவிட்டது. இரண்டு வழக்கிலும் பேச்சு மட்டுமே இருந்தது. ஒன்றில் வாராவாரம் நடந்த பழக்கம் சாட்சியாக நின்றது, மற்றதில் அப்படி எதுவும் இல்லை. உங்கள் குழுவின் நிலை இந்த இரண்டில் எதுவாக இருக்கும் என்று யாரும் முன்கூட்டியே சொல்ல முடியாது.

வாட்ஸாப் குழு நல்ல சாட்சி, அதை வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் அதில் பிறந்தநாள் வாழ்த்துக்கும் கால்பந்துக்கும் நடுவே விதிகள் புதைந்துபோகும். கையெழுத்திட்ட தாளைப் படம் எடுத்து அந்தக் குழுவிலேயே போட்டுவிட்டால் இரண்டும் ஒன்றுக்கொன்று துணை.

பொறுப்பாளராக உங்களுக்கென்று ஒரு கவனம் வேண்டும். 2009 நவம்பரில் அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் ஒரு கட்டுமானத் தொழிலாளிக்கு மெகா மில்லியன்ஸ் என்ற லாட்டரியில் 3.85 கோடி டாலர் விழுந்தது. உடன் வேலை செய்தவர்களின் பணத்தில் டிக்கெட் வாங்கிவந்தவர் அவர்தான். இது என் சொந்த டிக்கெட் என்று அவர் சொல்ல, ஐந்து பேர் வழக்குப் போட்டார்கள். 2012இல் ஜூரி அந்த ஐவர் பக்கம் நின்றது. அவர் சொன்னது பொய் என்றே வைத்துக்கொள்வோம். நேர்மையான ஒருவர் உண்மையிலேயே தனக்கென்று தனி டிக்கெட் வாங்கி, அதில் விழுந்திருந்தாலும் இதே கூண்டில்தான் நின்றிருப்பார். ஆகவே ஒன்று செய்யுங்கள்: குழு வாங்கும் அதே விளையாட்டில் நீங்கள் தனியாக வாங்குவதை நிறுத்திவிடுங்கள். அது முடியாதென்றால், குழுவின் டிக்கெட்டுகளைக் குலுக்கலுக்கு முன்பே படம் எடுத்து எல்லாருக்கும் அனுப்பிவிடுங்கள். படத்தில் இல்லாதது குழுவுடையது அல்ல என்று ஒப்பந்தத்திலும் ஒரு வரி இருக்கட்டும். நான் முதல் வழியைத்தான் எடுத்தேன். மனதுக்கும் அதுதான் நிம்மதி.

காகித டிக்கெட்டா, இணையக் கணக்கா? இணையத்தில் வாங்கினால் டிக்கெட் தொலையாது, பரிசு விழுந்தால் அவர்களே தெரிவிப்பார்கள், மறந்துபோகாதபடி தானாகவே வாங்கும் ஏற்பாடும் வைக்கலாம். ஆனால் கணக்கு ஒருவர் பெயரில்தான் இருக்கும், பணமும் அவருக்குத்தான் வரும். உங்களுக்குள் என்ன ஒப்பந்தம் என்பது லாட்டரி நடத்துகிறவர்களின் பொறுப்பல்ல, அவர்கள் ஒருவரிடம் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொள்வார்கள். காகிதமென்றால் பின்பக்கம் உங்கள் பெயரும் முகவரியும் எழுதிப் படம் எடுத்துவிட்டுப் பத்திரமாக வையுங்கள். நீங்கள் படுத்த படுக்கையாகிவிட்டால் யார் வாங்குவது என்று துணைப் பொறுப்பாளர் ஒருவரையும் இப்போதே சொல்லிவிட வேண்டும். அப்புறம், நீங்கள் வாங்க மறந்த வாரத்தில் அந்த எண்கள் விழுந்துவிட்டால்? பொறுப்பாளர் வாங்கத் தவறினால் அந்த வாரப் பணத்தைத் திருப்பித் தருவதோடு அவர் பொறுப்பு முடிகிறது என்று எழுதிக்கொள்ளுங்கள். சம்பளமில்லாமல் இந்த வேலையைச் செய்கிற உங்களுக்கு அந்தப் பாதுகாப்பு வேண்டும்.

இங்கேதான் எண்கள் பற்றியும் சொல்ல வேண்டும். நிலையான எண்களை வைத்துக்கொள்ளும் குழுக்களைப் பார்த்திருக்கிறேன். அவர்களில் பலர் விருப்பத்தால் அல்ல, பயத்தால் தொடர்கிறார்கள். தான் விலகிய வாரம் அந்த எண்கள் விழுந்துவிட்டால் என்ன செய்வது என்ற பயம். வேலை மாறிப்போன பிறகும் பணம் அனுப்பிக்கொண்டே இருப்பவர்கள் உண்டு. அதனால் இயந்திரமே எண்களைத் தரும் லக்கி டிப் வாங்குங்கள் என்பேன். விலகுகிறவர் நிம்மதியாக விலகலாம். எண்களை நீங்களே தேர்ந்தெடுத்தே ஆக வேண்டும் என்றால், எல்லாரும் தேர்ந்தெடுக்கும் வழியில் போகாதீர்கள். 1995 ஜனவரி 14 அன்று 1.63 கோடி பவுண்டு முதல் பரிசை 133 பேர் ஒரே எண்களோடு பகிர்ந்துகொண்டார்கள். ஆளுக்குக் கிடைத்தது 1,22,510 பவுண்டு. 2016 மார்ச்சில் ஒரு குலுக்கலில் ஏழின் மடங்குகளாக ஐந்து எண்கள் விழுந்தன. ஐந்து எண்கள் பொருந்திய 4,082 பேரும் அதற்கான பரிசைப் பகிர வேண்டியிருந்ததால் அவர்களுக்கு ஆளுக்கு 15 பவுண்டு. நான்கு எண்கள் பொருந்தியவர்களுக்கோ 51 பவுண்டு.

எவ்வளவு எதிர்பார்க்கலாம் என்பதையும் முதல் நாளே சொல்லிவிடுங்கள். முதல் பரிசுக்கு 59 எண்களில் ஆறு பொருந்த வேண்டும். ஆறு எண்கள் கொண்ட ஒரு வரிசைக்கு வாய்ப்பு 4,50,57,474இல் ஒன்று. வாரம் 28 பவுண்டுக்கு 14 வரிசை வாங்கினால் ஏறக்குறைய 32 லட்சத்தில் ஒன்று. மூன்று எண்கள் பொருந்தி 30 பவுண்டு வருவது சராசரியாக ஏழு வாரத்துக்கு ஒருமுறை. நான்கு எண்கள் பொருந்துவது மூன்று வருடத்துக்கு ஒருமுறை. கூட்டாக வாங்குவதால் ஒருவர் போடும் 2 பவுண்டின் மதிப்பு கூடுவதில்லை. வாய்ப்பு 14 மடங்கு, கிடைப்பதில் பங்கு 14இல் ஒன்று. டிக்கெட் விலையில் பாதிக்கும் குறைவாகத்தான் பரிசாகத் திரும்புகிறது. 2012இல் கோர்பி நகரத்துப் பேருந்து ஓட்டுநர்கள் 12 பேருக்கு யூரோமில்லியன்ஸ் லாட்டரியில் 3.8 கோடி பவுண்டு விழுந்தது உண்மைதான். அந்தச் செய்தியை மனதில் வைத்துக்கொண்டு ஆளுக்கு 5 பவுண்டாக்கலாம் என்று யாராவது சொன்னால், ஒத்துக்கொள்ளாதீர்கள். வருடத்துக்கு 104 பவுண்டு என்பதே சிலருக்குப் பெரிய தொகை, ஆனால் சக ஊழியர்கள் முன் அதை வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள்.

சேராதவர்களையும் இதோடு சேர்த்து நினைக்க வேண்டும். எங்கள் பிரிவில் முஸ்லிம் சகோதரர்கள் இருவர் மார்க்க காரணத்தால் சேரவில்லை. இன்னொருவர் காரணம் எதுவும் சொல்லாமல் வேண்டாம் என்றார். ஒரு காலத்தில் சூதாட்டத்தால் வீட்டையே இழக்கும் நிலைக்குப் போனவர் அவர் என்பது எனக்கு வெகு நாள் கழித்துத்தான் தெரிந்தது. அதற்கு முன்பு இரண்டு முறை, "சும்மா சேருங்களேன், விழுந்தால் நீங்கள் மட்டும் தனியாக வேலை பார்ப்பீர்களா?" என்று அவரிடம் சொல்லியிருந்தேன். அந்த வார்த்தையை இப்போது யாரிடமும் சொல்ல மாட்டேன். புதிதாக வருகிறவரிடம் ஒரு முறை சொல்லுங்கள், வேண்டாம் என்றால் மறுபடி கேட்காதீர்கள். 18 வயது நிறையாத பயிற்சி ஊழியரைச் சேர்க்கவே கூடாது. 2021 முதல் வயது வரம்பு 16 அல்ல, 18. வேலை இடத்தில் பணம் வசூலிக்க நிர்வாகம் அனுமதிக்கிறதா என்பதையும் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

சரி, உண்மையிலேயே பெரிய தொகை விழுந்தால்? லாட்டரிப் பரிசுக்கு இங்கிலாந்தில் வரி கிடையாது. சிக்கல் அதற்குப் பிறகு. உங்கள் கணக்குக்கு 28 லட்சம் பவுண்டு வருகிறது, நீங்கள் 13 பேருக்கு ஆளுக்கு இரண்டு லட்சம் கொடுக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். பகிர்வதற்கான ஒப்பந்தம் முன்பே இருந்தது என்று காட்ட முடிந்தால், அவரவர் பணம் அவரவருக்குப் போனதாகத்தான் வருமான வரித்துறை எடுத்துக்கொள்ளும். காட்ட முடியாவிட்டால் அது நீங்கள் கொடுத்த அன்பளிப்பாகிவிடும். கொடுத்த ஏழு வருடத்துக்குள் நீங்கள் இறந்துபோனால், 3,25,000 பவுண்டு விலக்குக்கு மேற்பட்ட தொகைக்கு 40 சதவீதம் வரை வாரிசுரிமை வரி கேட்கப்படலாம். 14 பேர் கையெழுத்தும் தேதியும் உள்ள அந்த ஒரு தாள், இந்த இடத்தில் உங்கள் மனைவி மக்களையே காப்பாற்றும். குழுவில் யுனிவர்சல் கிரெடிட் என்ற அரசு உதவித்தொகை வாங்குகிறவர் இருந்தால் அவருக்கும் சொல்லுங்கள்: கையிருப்பு 6,000 பவுண்டைத் தாண்டினால் உதவித்தொகை குறையும், 16,000ஐத் தாண்டினால் நின்றுபோகும்.

பங்குகள் சமமில்லை என்றால் அதையும் எழுத வேண்டும். கேரளத்தில் பரப்பனங்காடி நகராட்சியின் ஹரித கர்ம சேனையில் குப்பை சேகரிக்கும் 11 பெண்கள் 2023இல் 250 ரூபாய்க்கு ஒரு மழைக்கால பம்பர் லாட்டரி டிக்கெட் வாங்கினார்கள். ஒன்பது பேர் 25 ரூபாய் போட்டார்கள். இரண்டு பேரிடம் அவ்வளவு இல்லாததால் அவர்கள் சேர்ந்து 25 ரூபாய், ஆளுக்குப் பன்னிரண்டரை. அந்த டிக்கெட்டுக்கு முதல் பரிசு 10 கோடி ரூபாய் விழுந்தது. யார் எவ்வளவு போட்டார் என்பது அவர்கள் எல்லாருக்கும் தெரிந்திருந்தது. உங்கள் குழுவில் யாராவது 1 பவுண்டுதான் முடியும் என்றால் தாராளமாகச் சேர்த்துக்கொள்ளுங்கள், பட்டியலில் அவர் பெயருக்கு நேரே அரைப் பங்கு என்று எழுதி அவரிடமே காட்டிவிடுங்கள்.

ஊரிலிருந்து மச்சான், சித்தப்பா யாராவது நானும் சேர்கிறேன், பணம் அனுப்புகிறேன் என்றால் அன்போடு மறுத்துவிடுங்கள். இந்தியாவிலிருந்து வெளிநாட்டு லாட்டரி டிக்கெட் வாங்கப் பணம் அனுப்புவதை அந்நியச் செலாவணி விதிகள் தடை செய்கின்றன. தமிழ்நாட்டிலோ 2003 முதல் லாட்டரியே கிடையாது. குழு வேலை இடத்தோடு நிற்கட்டும்.

சின்னப் பரிசுகளை என்ன செய்வது என்பதில் இரு வழி உண்டு. 30 பவுண்டை 14ஆகப் பிரித்துக் கொடுப்பது வீண் வேலை. நாங்கள் 100 பவுண்டு சேரும் வரை கையிருப்பாக வைத்திருந்து, டிசம்பரில் பிரித்துக்கொண்டோம். அதற்குள் விலகுகிறவருக்கு அவருடைய பங்கைக் கணக்குப் போட்டு அன்றே கொடுத்துவிட வேண்டும். குழுப் பணத்தை உங்கள் சொந்தக் கணக்கில் கலக்காமல், தனியாக ஒரு வங்கிக் கணக்கில் வையுங்கள். விளம்பரம் வேண்டுமா, பெயர் வெளியே வரலாமா என்பதையும் இப்போதே கேட்டு எழுதுங்கள், ஒருவர் வெளியே பேசினால் எல்லார் பெயரும் தெரிந்துவிடும்.

கடைசியாக, பொறுப்பு கை மாறும் நாள். பழையவர் போவதற்கு முன்பு அவரோடு ஒரு மணி நேரம் உட்காருங்கள். கையிருப்பு எவ்வளவு, யார் எதுவரை கட்டியிருக்கிறார், வாங்கிய டிக்கெட்டுகள் எந்தக் குலுக்கல் வரை ஓடும் என்று எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள். பரிசைக் கேட்க 180 நாள் அவகாசம் இருப்பதால், கடந்த ஆறு மாதத்துப் பழைய டிக்கெட்டுகளையும் வாங்கி ஒவ்வொன்றாகச் சரிபாருங்கள். அதில் ஏதாவது விழுந்திருந்தால் அது அந்தந்த வாரப் பட்டியலில் இருந்தவர்களுக்கு, ஓய்வு பெற்றுப் போகிறவர் உட்பட. புதிய தாளில் அவர் பெயர் இருக்காது, அதனால் அவருடைய வீட்டு முகவரியையும் வங்கி விவரத்தையும் அன்றே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.